மின்னியக்கு விசையும் மின்னழுத்த வேறுபாடும்: பேட்டரிக் கட்டை முதல் போர்வெல் மோட்டார் வரை

டார்ச்சிலிருந்து கழற்றிய பழைய பேட்டரிக் கட்டையின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 1.3 வோல்ட் காட்டும். புதுக் கட்டைக்கு 1.5 காட்டும். வித்தியாசம் 0.2 தான். ஆனால் பழையதைப் போட்டால் பல்பு சரியாக எரியாது. "வோல்ட் காட்டுதுங்ளே சார், அப்புறம் ஏனுங் எரியல?" என்று கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. மின்னியக்கு விசைக்கும் மின்னழுத்த வேறுபாட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் திடீரென்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. மின்னியக்கு விசைக்கு 'இ.எம்.எஃப்.' என்றும் மின்னழுத்த வேறுபாட்டுக்கு 'பி.டி.' என்றும் இரண்டு எழுத்துச் சுருக்கங்கள், இரண்டுக்கும் ஒரே அலகு வோல்ட். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டு, சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வை முடித்துவிடுகிறார்கள். அது போதாது. தோட்டத்தில் மோட்டார் ஏன் உறுமிக்கொண்டே நிற்கிறது, டிராக்டர் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதெல்லாம் இதே பாடம்தான். அதனால் செய்து பார்த்தே புரிந்துகொள்வோம்.

முதலில் கணக்கைச் சரியாக வைப்போம்

வோல்ட் என்றால் ஒரு கூலூம் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் ஆற்றல். இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றில் ஓடும் ஒவ்வொரு கூலூமுக்கும் எங்கோ ஓர் இடத்தில் ஆற்றல் வரவு வைக்கப்படுகிறது, வேறு இடங்களில் அது செலவாகிறது.

வரவு வைக்கும் இடம் மின்கலம், அதாவது நம் பேட்டரிக் கட்டை. அதற்குள்ளே துத்தநாகம் கரைகிறது, மாங்கனீசு டைஆக்சைடு வேறு பொருளாக மாறுகிறது. அந்த வேதிவினை விடுவிக்கும் ஆற்றல், மின்னூட்டத்தை அது தானாகப் போக விரும்பாத திசையில் தள்ளுகிறது. வெளியே ஒயரில் நேர்மின்னூட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு இறங்கிப் போகும். அதைத் திரும்ப எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு ஏற்றிவிட மின்புலத்தால் முடியாது, ஏனென்றால் மின்புலமே அதை எதிர்க்கிறது. அந்த ஏற்றத்தைச் செய்வது வேதிவினை. ஒரு கூலூமை ஏற்றிவிட அது தரும் மொத்த ஆற்றல்தான் மின்னியக்கு விசை. பெயரில் விசை இருந்தாலும் இதை நியூட்டனில் அளப்பதில்லை. அளப்பது வோல்ட்டில்தான், அதாவது கூலூமுக்கு இத்தனை ஜூல் என்று.

மின்னழுத்த வேறுபாடு வேறு கேள்விக்குப் பதில். சுற்றில் ஏதாவது இரண்டு புள்ளிகளை எடுங்கள். ஒரு கூலூம் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது மின்புலம் எவ்வளவு வேலை செய்கிறது? அதுதான் அந்த இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு. பல்பின் இரு முனைகளுக்கு இடையே ஒன்று, ஒயரின் இரு நுனிகளுக்கு இடையே ஒன்று, மின்கலத்தின் இரு முனைகளுக்கு இடையேயும் ஒன்று. ஆக, மின்னியக்கு விசை ஆற்றலைத் தரும் மூலத்துக்கு மட்டும் உரியது. மின்னழுத்த வேறுபாடு எந்த இரு புள்ளிக்கும் உண்டு.

குழப்பம் வருவது மின்கலத்தின் இரு முனைகளில்தான். அங்கே மட்டும் இரண்டும் ஒரே எண்ணாகக் காட்சி தரும், சில நேரம். எந்த நேரம் என்று பார்ப்பதுதான் நம் சோதனை.

என்னென்ன வேண்டும்

ஒரு புதுக் கட்டை, ஒரு பழைய கட்டை, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு சுவிட்ச், கொஞ்சம் ஒயர், 10, 4.7, 2.2, 1 ஓம் ரெசிஸ்டர்கள். ரெசிஸ்டரை ஒரு வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். கால் வாட் ரெசிஸ்டர் 1 ஓமில் சுட்டுவிடும். ரேடியோ, டிவி ரிப்பேர் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ நிச்சயம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துக்கொண்டு மின்கலத்தின் இரு முனைகளிலும் நேராகத் தொடாதீர்கள். டிராக்டர் பேட்டரியையோ போன் பேட்டரியையோ ஒருபோதும் ஷார்ட் செய்யாதீர்கள். வீட்டு மின்சாரத்தை அளக்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது.

முதல் படி: எதையும் இணைக்காமல் அளப்பது

மீட்டரை நேர்திசை (DC) வோல்ட்டில் வைத்துப் புதுக் கட்டையின் முனைகளைத் தொடுங்கள். 1.5 என்று வைத்துக்கொள்வோம். (புத்தம் புதிய ஆல்கலைன் கட்டை 1.6 வரைகூடக் காட்டும்.) பழையது 1.3.

மீட்டர் காட்டியது முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு. ஆனால் அது இப்போது மின்னியக்கு விசைக்குச் சமமாகவே இருக்கிறது, ஏனென்றால் மின்னோட்டம் இல்லை. கண்டிப்பாகச் சொன்னால் மிக மிகக் கொஞ்சம் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டர்களின் மின்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம் அளவில் இருக்கும், 1.5 வோல்ட்டுக்கு அதில் ஓடுவது ஒரு ஆம்பியரில் கோடியில் ஒன்றரைப் பங்கு. இதனால் வரும் பிழை ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் தாண்டாது. நம் மீட்டரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பழைய கட்டை நல்லது மாதிரி வேஷம் போட முடிவது இதனால்தான். அதனிடம் நாம் இன்னும் வேலை எதையும் வாங்கவில்லை.

இரண்டாவது படி: வேலை கொடுத்து அளப்பது

4.7 ஓம் ரெசிஸ்டரைச் சுவிட்ச் வழியாகக் கட்டையோடு இணையுங்கள். மீட்டர் கட்டையின் முனைகளிலேயே இருக்கட்டும். சுவிட்சைப் போட்டு இரண்டு மூன்று விநாடிக்குள் எண்ணைக் குறித்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். நீண்ட நேரம் விட்டால் உள்ளே வேதிவினையின் கழிவு தேங்கி எண் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். அது வேறு கதை.

புதுக் கட்டை 1.5 இலிருந்து 1.24 வோல்ட்டுக்கு இறங்கும். பழையது 1.3 இலிருந்து 0.57க்குச் சரியும். (இங்கே நான் தரும் எண்கள் மாதிரிக்கு, உங்கள் கட்டையில் வேறாக வரும்.) சுவிட்சை அணைத்ததும் இரண்டும் பழைய எண்ணுக்கே ஏறிவிடும்.

இப்போது ஆற்றல் கணக்கைப் பாருங்கள். புதுக் கட்டையின் வேதிவினை ஒவ்வொரு கூலூமுக்கும் 1.5 ஜூல் தருகிறது. சுவிட்சைப் போட்டதால் அது மாறவில்லை. வெளியே ரெசிஸ்டரில் 1.24 ஜூல் செலவாகிறது. மீதி 0.26? அது கட்டையின் உள்ளேயே சூடாகப் போய்விட்டது. மின்பகுளி, கார்பன் கம்பி, தகட்டுப் பரப்பு, இவற்றின் வழியாகத்தான் மின்னோட்டம் கட்டைக்குள் போக வேண்டும். அதற்கும் மின்தடை உண்டு. அதுவே அகமின்தடை.

மின்னியக்கு விசை = முனைகளின் மின்னழுத்த வேறுபாடு + (மின்னோட்டம் × அகமின்தடை)

மின்னோட்டம் பூஜ்ஜியமானால் கடைசிப் பகுதி மறைந்துவிடும். இரண்டும் சமமாவது அந்த ஒரு நிலையில்தான்.

மூன்றாவது படி: அகமின்தடையைக் கண்டுபிடிப்பது

ஆம்பியரைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. 4.7 ஓமில் 1.24 வோல்ட் என்றால் மின்னோட்டம் 0.26 ஆம்பியர் அளவு. உள்ளே இழந்தது 0.26 வோல்ட். வகுத்தால் அகமின்தடை ஏறக்குறைய 1 ஓம்.

பழையதற்கு: மின்னோட்டம் 0.57 ÷ 4.7 = 0.12 ஆம்பியர். உள்ளே இழந்தது 0.73 வோல்ட். அகமின்தடை 6 ஓம்.

பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் இதோ. பழைய கட்டையின் மின்னியக்கு விசை கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. ஆறு மடங்காகிவிட்டது அதன் அகமின்தடை. வேதிப்பொருள் தீரத் தீர, உள்ளே ஈரம் காயக் காய, மின்னூட்டம் போகும் பாதை அடைத்துக்கொள்கிறது. கட்டையின் உடல்நிலையை மின்னியக்கு விசை மட்டும் காட்டாது. வேலை கொடுத்தால்தான் தெரியும். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியை வெறும் வோல்ட் மட்டும் பார்க்காமல் லோடு டெஸ்டரைப் போட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

மின்னியக்கு விசையைத் தீர்மானிப்பது வேதிப்பொருள்கள், கட்டையின் பருமன் அல்ல. கடிகாரத்துக்குப் போடும் சின்னதும் பெரிய டார்ச்சுக்குப் போடும் குண்டுக் கட்டையும் இரண்டுமே 1.5 வோல்ட். குண்டுக் கட்டையில் பரப்பு அதிகம், அதனால் அகமின்தடை குறைவு, நாளும் அதிகம் உழைக்கும்.

நான்காவது படி: கோடு போட்டுப் பார்ப்பது

நான்கு ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாகப் புதுக் கட்டையோடு போட்டால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

10 ஓம்: 0.14 ஆம்பியர், 1.36 வோல்ட்
4.7 ஓம்: 0.26 ஆம்பியர், 1.24 வோல்ட்
2.2 ஓம்: 0.47 ஆம்பியர், 1.03 வோல்ட்
1 ஓம்: 0.75 ஆம்பியர், 0.75 வோல்ட்

மின்னோட்டத்தைக் கிடை அச்சிலும் வோல்ட்டை நிலை அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இடுங்கள். கீழ்நோக்கிச் சாயும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதைப் பின்னால் நீட்டினால் மின்னோட்டம் பூஜ்ஜியமாகும் இடத்தில் நிலை அச்சை வெட்டும் புள்ளி மின்னியக்கு விசை, 1.5. கோட்டின் சரிவு அகமின்தடை. முன்னால் நீட்டினால் 1.5 ஆம்பியரில் வோல்ட் பூஜ்ஜியத்தைத் தொடும். அதுதான் ஷார்ட் சர்க்யூட். அப்போது முனைகளின் மின்னழுத்த வேறுபாடு பூஜ்ஜியம், ஆனால் மின்னியக்கு விசை அதே 1.5 தான். கிடைக்கும் ஆற்றல் முழுவதும் கட்டைக்குள்ளேயே எரிகிறது. தேர்வில் இதைக் கேட்டால் 'இரண்டும் பூஜ்ஜியம்' என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் இந்தக் கோட்டை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? வெளித்தடை அகமின்தடைக்குச் சமமாகும்போது வோல்ட் சரிபாதி. கணக்கே போடாமல் அகமின்தடையைக் காண இது ஒரு வழி: எந்த ரெசிஸ்டரில் எண் பாதியாகிறதோ அதுவே விடை.

ஓம் இதை முன்பே எழுதியிருந்தார்

ஓம் விதி என்றால் மின்னழுத்த வேறுபாட்டை மின்தடையால் வகுப்பது என்று படிக்கிறோம். ஆனால் கியோர்க் சைமன் ஓம் 1826இல் தன் சோதனைகளிலிருந்து எழுதிய சூத்திரத்தில் அகமின்தடை இருந்தது. மின்னோட்டம் = தூண்டும் விசை ÷ (நிலையான ஓர் எண் + வெளிக் கம்பியின் நீளம்) என்ற வடிவம் அது. அந்த நிலையான எண் மூலமும் மற்ற இணைப்புகளும் தரும் தடை.

வோல்டா 1800இல் உலகுக்கு அறிவித்த உலோகத் தகட்டு அடுக்குகளின் வழியில் வந்த மின்கலங்கள் ஓமுக்குப் பெரும் தொல்லை தந்தன. எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜெர்மன் இயற்பியலாளர் பொக்கெண்டார்ஃபின் யோசனைப்படி ஓம் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார்: பிஸ்மத், செம்பு இரண்டையும் சேர்த்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனியிலும் வைத்தார். வெப்பநிலை மாறாத வரை மின்னியக்கு விசையும் மாறாது. மூலம் அடங்கி நின்றதும் விதி வெளிப்பட்டது. மின்னியக்கு விசைக்கு வேதிவினைதான் வேண்டும் என்றில்லை என்பதற்கும் இது நல்ல சான்று. அதே பொக்கெண்டார்ஃப் பின்னாளில், மின்கலத்திலிருந்து மின்னோட்டமே எடுக்காமல் அதன் மின்னியக்கு விசையை எதிரெதிராகச் சமன் செய்து அளக்கும் முறையைத் தந்தார். மின்னழுத்தமானிச் சோதனையின் வேர் அது.

ஐந்தாவது படி: புதிதையும் பழையதையும் சேர்த்துப் போட்டால்

இதைத் தவறாமல் செய்து பாருங்கள். இரண்டு கட்டைகளையும் தொடராக வைத்து, மொத்தம் 3 ஓம் வெளித்தடை இருக்கிறது என்று கொள்வோம். மின்னியக்கு விசைகள் கூடும்: 2.8 வோல்ட். மின்தடைகளும் கூடும்: 1 + 6 + 3 = 10 ஓம். மின்னோட்டம் 0.28 ஆம்பியர்.

இப்போது பழைய கட்டையின் முனைகளை மட்டும் அளந்தால்? 1.3 இலிருந்து 0.28 × 6 = 1.68 கழிய வேண்டும். மைனஸ் 0.38. கட்டையின் மின்னியக்கு விசை இன்னும் முன்னோக்கித்தான் இருக்கிறது, ஆனால் முனைகளின் மின்னழுத்த வேறுபாடு தலைகீழாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற சாட்சி எனக்குத் தெரியாது. உதவி செய்ய வந்த கட்டை சுமையாகிவிட்டது. அதை எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தை ஒயரால் இணைத்தால் மின்னோட்டம் 1.5 ÷ 4 = 0.375 ஆம்பியர். ஒரு கட்டை போனதும் மின்னோட்டம் கூடுகிறது! பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள் என்று உறையில் அச்சடித்திருப்பது சும்மா அல்ல.

டிராக்டர் பேட்டரியில் மூன்று எண்கள்

லெட் ஆசிட் பேட்டரியில் ஓர் அறைக்கு 2.1 வோல்ட் அளவு. ஆறு அறை சேர்ந்து நன்றாகச் சார்ஜ் ஆன நிலையில் 12.6. இன்ஜின் நிற்கும்போது, எதுவும் ஓடாதபோது மீட்டர் காட்டுவது இதை, அதாவது மின்னியக்கு விசையை.

சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது, அகமின்தடை 0.01 ஓம் என்றால் உள்ளே 2 வோல்ட் போகும், மீட்டர் 10.6 காட்டும். பேட்டரி பழசாகி அகமின்தடை 0.03 ஆனால் அதே 200 ஆம்பியருக்கு 6 வோல்ட் போய்விடும். அதனால்தான் ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் இன்ஜின் மட்டும் டிக் டிக் என்று நின்றுவிடுகிறது. ஹாரன் இழுப்பது சில ஆம்பியர்தான்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே முனைகளில் 14 வோல்ட்டைச் சுற்றி வரும். பேட்டரியின் மின்னியக்கு விசையைவிட மின்னழுத்த வேறுபாடு அதிகம்! ஏனென்றால் இப்போது ஆல்டர்னேட்டர் மின்னோட்டத்தைப் பேட்டரிக்குள் எதிர்த்திசையில் தள்ளுகிறது. இதுவரை மின்னியக்கு விசையிலிருந்து கழித்துவந்த பகுதி இப்போது அதோடு கூடுகிறது: முனைகளின் மின்னழுத்த வேறுபாடு = மின்னியக்கு விசை + (மின்னோட்டம் × அகமின்தடை). உண்மைப் பேட்டரியில் சார்ஜ் ஆகும்போது தகடுகளின் பக்கம் அமிலம் அடர்த்தியாகி மின்னியக்கு விசையும் கொஞ்சம் ஏறும், அதனால் இந்தக் கூடுதல் முழுவதையும் அகமின்தடையின் கணக்கில் எழுதக் கூடாது. புத்தகக் கணக்கில் அது வராது, தெரிந்திருப்பது நல்லது.

தென்னந்தோப்பில் லோ வோல்டேஜ்

பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவின் கிழக்கே மழை குறைவு, போர்வெல் அதிகம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் தோப்பில் ஒற்றைப் பேஸ் மோட்டார் ஊம்ம் என்று உறுமிவிட்டுச் சுற்றாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரை நிறுத்தி வைத்து எலக்ட்ரீஷியன் அளந்தால் 230க்குப் பக்கம் காட்டும். "கரண்ட் நல்லாத்தான் வருதுங்க" என்பார். இதுவும் பழைய பேட்டரிக் கட்டையின் அதே வேஷம்தான்.

போய் வரும் கம்பிகளுக்கு மொத்தம் 2 ஓம் தடை, மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் என்றால் வழியில் 20 வோல்ட் போகும். சமாளிக்கலாம். ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டார் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 50 ஆம்பியர் என்றாலே வழியில் 100 வோல்ட் காணாமல் போகிறது. மோட்டாரின் முனைகளில் மிஞ்சுவது கிளப்புவதற்குப் போதாது. (மாறுதிசை மின்னோட்டத்தில் கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கலானது, ஆனால் விஷயம் இதுதான்.)

மோட்டாரின் பக்கத்திலிருந்து பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் எல்லாம் சேர்ந்து ஒரே மூலம். ஒரு மின்னியக்கு விசை, அதோடு தொடராக ஓர் அகமின்தடை. பிரெஞ்சுப் பொறியாளர் தெவனான் 1883இல் வெளியிட்ட தேற்றம் இப்படிச் சுருக்க அனுமதிக்கிறது. ஆகவே மோட்டார் ஓடும்போது, அதுவும் பக்கத்துத் தோப்புகளின் மோட்டார்களும் ஓடும் நேரத்தில், மோட்டார் முனையில் அளக்கச் சொல்லுங்கள். தடித்த கம்பி போடுவது, ஜாயின்டுகளைச் சுத்தம் செய்து இறுக்குவது இவையே வைத்தியம்.

மின்கலம் இல்லாத மின்னியக்கு விசை

டிரான்ஸ்ஃபார்மருக்குள் வேதிவினை கிடையாது. ஃபாரடே 1831இல் கண்டதுபோல, மாறும் காந்தப்புலம் கம்பிச் சுருளில் மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது. சைக்கிள் டைனமோவும் அப்படியே. இங்கே மின்னியக்கு விசை ஒரு புள்ளியில் உட்கார்ந்திருப்பதில்லை, வளையம் முழுவதும் பரவியிருக்கிறது. நிலையான மின்புலத்தில் எந்த வளையத்தைச் சுற்றி வந்தாலும் மின்னழுத்த வேறுபாடுகளின் கூட்டல் பூஜ்ஜியம். தூண்டப்பட்ட மின்புலத்துக்கு அந்த விதி பொருந்தாது. மீட்டரின் ஒயரை வளையத்தின் எந்தப் பக்கமாகக் கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் எண் மாறலாம். பிளஸ் டூவுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தேர்வுக்கு முன் இரண்டு கேள்விகள்

திறந்திருக்கும் சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட்? பூஜ்ஜியம் என்று சொல்லத் தோன்றும். அளந்து பாருங்கள், 1.5 காட்டும். மின்னோட்டம் இல்லாததால் ரெசிஸ்டரிலும் கட்டைக்குள்ளும் எதுவும் குறையவில்லை. மின்னியக்கு விசை முழுவதும் சுவிட்சின் இடைவெளியில் மின்னழுத்த வேறுபாடாக நிற்கிறது. போன ஃபியூஸின் இரு பக்கமும் வோல்ட் காட்டுவது இதனால்தான். மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்த வேறுபாடு இராது என்பது தவறு.

இன்னொன்று. 15 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.5 ஓம் அகமின்தடையும் உள்ள சார்ஜரால், 12 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.5 ஓம் அகமின்தடையும் உள்ள பேட்டரியை 2 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் செய்கிறோம். இரண்டின் முனைகளிலும் எத்தனை வோல்ட்? மின்னியக்கு விசைகள் எதிரெதிர், மிச்சம் 3 வோல்ட். மொத்தத் தடை 3 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியர். சார்ஜர் ஆற்றலைத் தருகிறது, அதனால் 15 இலிருந்து 0.5 கழித்து 14.5. பேட்டரி வாங்குகிறது, அதனால் 12 உடன் 0.5 கூட்டி 12.5. இடையில் ரெசிஸ்டரில் 2 வோல்ட். சரிபார்க்க ஜூல் கணக்குக்குப் போங்கள்: ஒவ்வொரு கூலூமுக்கும் சார்ஜர் தந்த 15 ஜூலில் அதற்குள்ளேயே அரை ஜூலும், ரெசிஸ்டரில் 2 ஜூலும், பேட்டரிக்குள் அரை ஜூலும் சூடாகிப் போயின, 12 ஜூல் வேதி ஆற்றலாகச் சேர்ந்தது.